ஐநூறுக்குக் கீழே

உங்கள் அலுவலக வாசலில் இருக்கும் பூசணிக்காயை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள், மேடம். ஹாலோவீன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அடியில் அழுகிவிட்டது. வரும்போது காலால் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வந்தேன். யாராவது வழுக்கி விழுந்தால் பாவம்.

வக்கீல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். "நீ வாயத் திறந்தா அப்புறம் நான் பொறுப்பில்ல, கிளெம்" என்று காரில் மூன்று தடவை சொன்னார். அவரை வெளியே உட்காரச் சொன்னதற்குக் காரணம் இதுதான். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. உங்கள் மேசையில் 'ரீனா பலாசியோஸ், தீ விபத்து விசாரணை' என்று போட்டிருக்கிறது. விசாரிப்பது உங்கள் வேலை, விளக்குவது என் வேலை. வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும்.

என் முழுப்பெயர் கிளெமென்ட் ஹோவி. ஆல்டன்மார் நிறுவனத்தில் போட்டித் தாக்கப் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். நிறுவனம் எதையாவது புதிதாக வெளியிடுவதற்கு முன்னால், அதனால் போட்டிக்காரர்களுக்கு என்ன ஆகும் என்று கணித்து எழுத வேண்டும். நான் எழுதிய பதினோரு கணிப்புகளும் பலித்தன. ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூம்பு தருவார்கள். ஜன்னல் ஓரமாக வரிசையாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள், எனக்கு அதில் வருத்தம் இல்லை. பன்னிரண்டாவதற்கு இடமும் விட்டு வைத்திருந்தேன்.

போன ஜனவரியில் நிறுவனம் ஒரு சமூக வலைத்தளம் தொடங்க முடிவு செய்தது. 'எவ்ரிபடி' என்று பெயர் வைத்தார்கள். என் மேலதிகாரி ஷெல்பி கிராஸ்மயர், எங்கள் துணைத்தலைவர், என்னைக் கூப்பிட்டாள்.

"கிளெம், இது இறங்கினா மத்தவங்க கதி என்ன ஆகும்னு ஒரு ஸ்லைடு போட்டுக் குடு."

இரண்டு பெரிய தளங்களை ஆராய்ந்து பார்த்து, இரண்டுக்கும் 'பாதிப்பு இருக்காது' என்று எழுதிக் கொண்டுபோனேன். உண்மை அதுதான். ஷெல்பி ஸ்லைடைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"மூணாவது கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"மூணாவதா ஒரு போட்டிக்காரர் இல்ல, ஷெல்பி."

"டெம்ப்ளேட்டுல மூணு கட்டம் இருக்கில்ல? காலியா விட்டா நாம வேலையே பாக்கலன்னு நெனப்பாங்க. ரெண்டுல ஒன்னும் ஆகாதுன்னு எழுதிட்ட. மூணாவதுலயாவது யாரையாவது கொல்லுப்பா. சின்னதா இருந்தாலும் பரவால்ல."

கொல்லு என்பது எங்கள் அலுவலகத்தில் சாதாரணமாகப் புழங்கும் வார்த்தை, மேடம். தயவுசெய்து அதற்குக் கீழே கோடு போடாதீர்கள்.

அன்று மத்தியானம் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணின் தண்ணீர் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'நான் டல்லி பலகைக்காரி' என்று. என்ன அது என்று கேட்டேன். டல்லி மலையில் இருக்கும் மூன்று ஊர்களுக்குமான சின்ன வலைத்தளமாம், மார்வா லிண்ட்ஸ்ட்ரம் என்ற அம்மாள் தன் தீவனக் கடையின் பின்னறையில், நாய் உணவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய கணினியை வைத்து நடத்துகிறாளாம். போனில் அதைத் திறந்து பார்த்தேன், பக்கத்தின் அடியில் 'இன்று வந்தவர்கள்' என்று ஒரு எண் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு 2,140.

மூன்றாவது கட்டத்தில் இப்படி எழுதினேன்: டல்லி பலகை. எவ்ரிபடியின் வருகையால், அக்டோபர் 31 அன்று இதன் தினசரி வருகை ஐநூறுக்குக் கீழே இருக்கும். ஸ்லைடு முழுமையாகிவிட்டது. ஷெல்பிக்கு மிகவும் பிடித்திருந்தது.

மார்ச்சில் எவ்ரிபடி இறங்கியது. யாரும் வரவில்லை. எங்கள் ஊழியர்கள் ஒன்பதாயிரம் பேரும் தினமும் ஒரு பதிவாவது போட வேண்டும் என்று உத்தரவு, அதனால் ஒன்பதாயிரம் மதியச் சாப்பாட்டுப் படங்கள் வரும். வெளியாள் என்று பார்த்தால் நெப்ராஸ்காவில் ஒரே ஒரு ட்ராக்டர் வியாபாரி. அவருடைய பிறந்தநாளுக்கு ஒன்பதாயிரம் வாழ்த்துகள் போயின. மனுஷன் பயந்துபோய் அன்றைக்கே கணக்கை மூடிவிட்டு, போலீசுக்கும் சொல்லியிருக்கிறார்.

ஆக, எவ்ரிபடியால் ஒரு ஈக்கும் எறும்புக்கும் பாதிப்பில்லை. டல்லி பலகையில் எண் இன்னும் பத்து கூடித்தான் இருந்தது. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கணிப்பு எழுத்தில் இருக்கிறது, என் பெயர் கீழே இருக்கிறது. தளம் தன் வேலையைச் செய்யவில்லை என்பதற்காக என் கணிப்பு பொய்யாவது நியாயமா? நானே கொஞ்சம் கை கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

ஏப்ரலில் பலகையில் சேர்ந்தேன். மலையில் எனக்கு ஒரு மரவீடு இருப்பதாகச் சொல்லிக்கொண்டேன். இந்த வாக்குமூலத்தில் நான் சொன்னதாக வரும் ஒரே பொய் அது.

அந்தப் பலகை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். ஒரே இரைச்சல். ஆடு விற்பார்கள், அடுத்தவன் ஆட்டைத் திட்டுவார்கள், தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் விருந்துக்கு யார் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட் கெட்டுப்போனது என்று நாலு நாள் சண்டை போடுவார்கள். ஒருவனை ஒருவன் 'மரமண்டை' என்று கூப்பிட்டுவிட்டு, மறுநாள் அவன் வீட்டுக் கூரையில் ஏறி ஓட்டை அடைப்பான். எனக்கு அந்த இரைச்சல் தாங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர்களுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

மார்வாவுக்கு எழுதினேன், உதவிக்கு ஆள் வேண்டுமா என்று. உடனே போன் செய்தாள்.

"ராசா, நீ நல்லா இருப்ப. பகல்ல கடைய பாக்குறேன், இருக்கற நேரமெல்லாம் இவனுங்க பஞ்சாயத்து. என்னால முடியல. அட்மின் சாவிய உனக்கே தர்றேன். எடுத்துக்க."

முன்பின் தெரியாத ஆளிடம் இப்படிச் சாவியைக் கொடுப்பது சரியில்லை என்று அவளிடம் அப்போதே சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

முதல் விதி: யாரையும் பெயர் சொல்லித் திட்டக்கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள். நான் எந்த விதியையும் வாக்கெடுப்பு இல்லாமல் கொண்டுவரவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது விதி: விற்பனைக்கு வரும் ஆட்டை மூன்று பக்கமிருந்தும் படம் எடுத்துப் போட வேண்டும். ஒன்பதாவது: நகைச்சுவைக்கு முன் அனுமதி வேண்டும், இரண்டு நாளில் பதில் தரப்படும். பதினான்காவது: ஒருவர்மேல் குறை சொல்வதற்கு முன்னால் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்.

பதினான்காவது விதி வந்த வாரம் நடந்ததை இன்னும் வைத்திருக்கிறேன்.

"எவன்டா ஆடு என் லாரி மேல ஏறி நிக்குது?"

"யோவ், புது விதி. மொதல்ல ஆட்டுக்காரனப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லு."

"சரி. அவன் ஆடு நல்லா ஏறுது."

"அது ஆட்டப் பத்தி. அவனப் பத்திச் சொல்லு."

"அவனப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? போங்கடா, நானே போய் இறக்கிக்கிறேன்."

அந்த ஆள் அதன் பிறகு வரவே இல்லை. இப்படித்தான் போனார்கள், மேடம். ஒருவரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. தங்கள் காலால் நடந்து போனார்கள். ஜூலை முடிவில் எண் 1,300.

ஜூலையில் தீயணைப்பு நிலைய விருந்துக்கு ஒருமுறை போயிருந்தேன். கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு சாலட்டை என் பாத்திரத்துக்கு மாற்றிக் கொண்டுபோனேன். அங்கேதான் வெண்டல் கிராபிலைப் பார்த்தேன். எழுபத்து மூன்று வயது, முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது அந்தப் பேருந்தையே ஏலத்தில் எடுத்து வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். உள்ளே கோழி வளர்ப்பதாகச் சொன்னார்கள்.

"நீதான் சட்டம் போடற தம்பியா? போடு போடு. நான் பின்சீட்டுப் பசங்க போட்ட சட்டத்தையே பாத்தவன்" என்று சொல்லி, என் கையில் ஒரு ஜாடி பிளம் ஜாம் கொடுத்தார். அவர் வீட்டுப் பழம். வேண்டாம் என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்று வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்டில் எண் 1,300-லேயே நின்றுவிட்டது. என்ன விதி போட்டாலும் அசையவில்லை. ஏதோ ஒன்று அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தோன்றியது. யார் எப்போது வருகிறார்கள் என்று பார்த்தேன். பெரும்பாலானவர்கள் காலை ஆறு பத்துக்கு வருகிறார்கள், ஒரே ஒரு பதிவைப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். பதிவு வெண்டலுடையது. அவருடைய வீட்டுப் பின்வாசலிலிருந்து எடுத்த வானத்தின் படம். கீழே 'ஒன்னும் இல்ல' என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். தினமும் அதே இடம், அதே வார்த்தை.

என் தொழிலில் இருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரே பதிவை 2,311 தடவை போடும் ஆளுக்கு எங்கள் மொழியில் ஒரே பெயர்தான், குப்பை போடுகிறவர். இருபத்திரண்டாவது விதி கொண்டுவந்தேன்: ஒரே பதிவைத் திரும்பப் போடக்கூடாது. அந்த நேரத்தில் வாக்களிக்கப் பெரிதாக யாரும் மிச்சமில்லை, நான்கு பேர் ஆதரித்தார்கள். செப்டம்பர் ஒன்பதாம் தேதி வெண்டலைத் தடை செய்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மார்வா போன் செய்தாள். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"கிளெம், வெண்டல என்னய்யா பண்ணின?"

"விதி இருபத்திரண்டு, மார்வா. அவரு ஒரே விஷயத்தையே போட்டுட்டு இருக்காரு."

"அட அறிவுகெட்டவனே, அது வந்தா நாங்க காபி போடுவோம். ஆறரைக்குள்ள வரலன்னா கார எடுத்துட்டு எறங்கிடுவோம். இதுகூடத் தெரியாம மலையில வீடு வெச்சிருக்கியா?"

"எங்கயும் எழுதி வைக்கலியே."

"எதுக்குய்யா எழுதணும்? போன தடவ தீ வந்தப்போ கவர்மென்ட் போன் வந்து சேர்றதுக்குள்ள முப்பது வீடு போயிடுச்சு. அன்னையிலேர்ந்து எங்களுக்கு வெண்டல்தான். நீ இங்க வந்து பாரு, ஸ்கூல் ஃபுட்பால் கிரவுண்டுல நூத்தி நாப்பது காரு நிக்குது. ஒருத்தன் பியானோவ ட்ரெய்லர்ல ஏத்திட்டு வந்திருக்கான். ஃபெர்கஸ் இடுப்புல துண்டோட நிக்கறான். அவன எங்கன்னு பாக்குறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் வீட்டை விட்டு வந்தவர்கள் எல்லாரும் கையில் போனோடு வந்திருக்கிறார்கள். எங்கே தீ, எங்கே வெண்டல் என்று எல்லோரும் பலகையைத் திறந்து கேட்டிருக்கிறார்கள். விலகிப் போனவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். அன்றைய எண் 1,900. மாலையில் ஷெல்பி, பலகையின் எண்ணை நாள்தோறும் நான் குறித்து வந்த வரைபடத்தைப் பார்த்து, "என்ன கிளெம், கொம்பு மொளச்சிருக்கு?" என்று கேட்டாள். ஒன்பது வருடத்தில் என்னை அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அவமானமாக இருந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

என் தவறு எனக்குப் புரிந்தது. அந்த மக்களிடமிருந்து எதையும் பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் ஓடி வருவார்கள். கொடுக்க வேண்டும். இன்னும் வசதியாகக் கொடுக்க வேண்டும்.

வெண்டலிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். இனி அவர் பலகையில் ஏறி, படம் ஏற்றிச் சிரமப்பட வேண்டாம். காலையில் வானத்தைப் பார்த்து எனக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினால் போதும். நான் அதை மூன்று ஊர்க்காரர்கள் போனுக்கும் குறுஞ்செய்தியாக ஆறு பத்துக்கு அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"நெசமாவா தம்பி? அந்த சின்ன எழுத்தத் தட்டித் தட்டி என் கட்டைவிரலே மரத்துப்போச்சு. ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்க. நான் வேணாம்னு சொன்னா அனுப்பக்கூடாது. வரலன்னாதான் இவங்க எறங்குவாங்க. நெருப்புன்னு எழுதினா நின்னு படிச்சிட்டு, படம் கேப்பானுங்க."

"புரியுது, வெண்டல்."

"நல்ல பையன். ஜாம் தீந்துடுச்சுன்னா சொல்லு."

எல்லோருக்கும் சந்தோஷம். மார்வா பலகையில் எனக்கு நன்றி சொல்லி எழுதினாள், இடுப்பில் துண்டோடு நின்ற ஃபெர்கஸ்கூட எனக்கு ஒரு இதயம் போட்டான். குறுஞ்செய்தி படுக்கைக்கே வந்துவிடுகிறது, பலகையை யார் திறப்பார்கள்? எண் ஆயிரத்துக்கு இறங்கியது. பிறகு எண்ணூறு. அறுநூறு. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் சுத்தமான வேலை என்று இதைத்தான் சொல்வேன்.

வெண்டலின் மின்னஞ்சல் தினமும் ஆறுக்கு முன் வரும். நாற்பது நாள் பார்த்தேன். நாற்பது நாளும் ஒரே வார்த்தை. ஒரே வார்த்தையை எடுத்து அனுப்ப நானும் அதிகாலையில் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அக்டோபர் இருபதாம் தேதி, தானாகவே ஆறு பத்துக்குப் போகும்படி வைத்துவிட்டேன். 'ஒன்னும் இல்ல. இப்படிக்கு வெண்டல்.' வேண்டாம் என்று அவர் சொல்லும் நாளில் நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு ஒரு பொத்தான் வைத்திருந்தேன்.

அக்டோபர் முப்பதாம் தேதி எண் 503.

முப்பத்தொன்றாம் தேதி சீக்கிரமே எழுந்துவிட்டேன். மனதுக்குள் ஒரு படபடப்பு, பரீட்சை முடிவு வரும் நாள் போல. இன்னும் நான்கு பேர் வராமல் இருந்தால் போதும். டோஸ்ட் போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

நீங்கள் அந்தக் காகிதத்தைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள், மேடம். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வெண்டலிடமிருந்து வந்தது. 'தம்பி, டல்லி பள்ளத்தாக்குக்குப் பின்னாடி புகை. காத்து நம்ம பக்கம் அடிக்குது. இன்னைக்கு அனுப்பாத. அவங்க எறங்கிடுவாங்க.'

படித்தேன். ஆமாம், ஐந்து ஐம்பத்து மூன்றுக்கே படித்துவிட்டேன். உங்களிடம் அது பதிவாகியிருக்கும்.

பதினேழு நிமிடம் இருந்தது. அந்தப் பதினேழு நிமிடமும் நான் சும்மா இருக்கவில்லை, யோசித்தேன். இன்றைக்குச் செய்தி போகாவிட்டால் என்ன ஆகும்? செப்டம்பர் பத்தாம் தேதி ஆனதுதான் ஆகும். நூற்று நாற்பது கார், பியானோ, எல்லோரும் பலகையைத் திறப்பார்கள். 1,900. கடைசி நாளில். ஏழு மாத உழைப்பு. புகை என்பது எத்தனையோ விதமாக இருக்கும். யாராவது சருகு எரிப்பார்கள். வெண்டலுக்கு எழுபத்து மூன்று வயது, கண் பார்வை எப்படி என்று நான் கேட்டதில்லை. இப்படியெல்லாம் நிதானமாக எடை போட்டுக்கொண்டே டோஸ்டில் ஜாம் தடவிக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்த ஜாம்தான், கடைசிக் கரண்டி.

ஆறு பத்துக்குச் செய்தி தானாகப் போனது. 2,066 போன்கள்.

அதன் பிறகு நடந்தது எனக்கு உங்கள் அறிக்கை மூலமாகத்தான் தெரியும். ஜன்னல் வழியாகச் செம்மை தெரிந்ததும் ஒரு பெண் தன் கணவனை எழுப்பியிருக்கிறாள். அவர் போனைப் பார்த்துவிட்டு, "வெண்டலே ஒன்னும் இல்லன்னுட்டான், படு" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் இருவரும் பிழைத்துவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

கார் ஒன்றுகூட இறங்கவில்லை என்றதும் வெண்டல் கோழிகளைத் திறந்துவிட்டுப் பேருந்தை எடுத்திருக்கிறார். பழைய பள்ளி வழித்தடம். ஒவ்வொரு நிறுத்தமாக நின்று, ஹாரனை அமுக்கியபடி. ஜனங்கள் இரவு உடையோடு வெளியே வந்து அவரைத்தான் திட்டியிருக்கிறார்கள்.

"யோவ் வெண்டல், நீதானே ஒன்னும் இல்லன்னு அனுப்புன? காலங்காத்தால என்ன விளையாட்டு?"

"நான் அனுப்பலடா. ஏறுங்கடா மொதல்ல."

பதினான்கு நிறுத்தங்களில் பதின்மூன்று. அறுபத்தெட்டு பேரை ஏற்றி, மூன்று தடவையாகக் கொண்டுவந்து ஃபுட்பால் மைதானத்தில் இறக்கியிருக்கிறார். இவர்கள் போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மிச்சப் பேர் தங்கள் கார்களில் இறங்கிவிட்டார்கள். பதினான்காவது நிறுத்தத்துக்கு அவர் நான்காம் தடவையாக மேலே போனார். அந்த நிறுத்தத்தில் நான்கு பேர். அவரோடு ஐந்து. பேருந்து திரும்பி இறங்கவில்லை.

மார்வா கடையும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்தாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. "கிளெம், உன் மரவீடு என்னாச்சு? நீ பத்திரமா இருக்கியா ராசா?" என்று அழுதாள். பத்திரமாக இருக்கிறேன் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அன்று மாலை, வருகையை எண்ணும் எங்கள் அலுவலகக் கருவி டல்லி பலகையைத் தேடிப் பார்த்தது. நாய் உணவு மூட்டைகளுக்கு நடுவே இருந்த கணினி உருகிப் போயிருந்தது. மலையில் இருந்த செல்போன் கோபுரமும் விழுந்துவிட்டது. தினசரி வருகை என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதியது. ஷெல்பி எவ்ரிபடியில் அறிவித்தாள், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று. ஒன்பதாயிரம் பேர் கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் எவ்ரிபடியை மூடிவிட்டார்கள். "யாருமே வரல, என்ன பண்றது? அதுல ஒழுங்கா வேலை செஞ்சது உன் ஸ்லைடு ஒன்னுதான்" என்று ஷெல்பி என் தோளில் தட்டினாள். கூம்பு மறுநாள் வந்தது. அதைத்தான் நீங்கள் அந்தப் பிளாஸ்டிக் பையில் போட்டு எண் ஒட்டியிருக்கிறீர்கள். விரல் ரேகை படாமல் கீழ்ப்பக்கமாகப் பிடியுங்கள், துடைப்பது சிரமம்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேனா என்று ஆரம்பத்திலேயே கேட்டீர்கள். கேள்வி நியாயமானது, நான்தான் சுற்றி வளைத்துவிட்டேன். செய்தியை நிறுத்தும் பொத்தான் என் முன்னால் இருந்தது. அழுத்தினால் அவர்கள் இறங்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும், வெண்டல் சொல்லியிருந்தார், மார்வா சொல்லியிருந்தாள், செப்டம்பரில் அந்த ஹாரன் சத்தத்தை நானே போனில் கேட்டிருந்தேன். அழுத்தவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் என் மனதை உறுத்துவது வேறு ஒன்று, மேடம். மூன்று வாரமாக அதை நினைத்துத் தூக்கமே வரவில்லை. ஷெல்பியிடம்கூடச் சொல்லவில்லை, அந்தக் கூம்பை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். நான் எழுதியது ஐநூறுக்குக் கீழே என்று. நானூற்றுச் சொச்சம் வரும் என்றுதான் மனதில் வைத்திருந்தேன். பூஜ்யம் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரம் கணக்குத் தப்பியிருக்கிறது. அந்தத் தவறு என்னுடையதுதான், அதற்கு என்னை மன்னித்துவிடும்படி ஷெல்பியிடம் சொல்லுங்கள்.